முதலில் வைப்பது யார்?

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகளிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி வந்தது. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரிதான். அவள் திரும்பக் கூப்பிடாவிட்டால் நான் கவலைப்பட்டுக் காத்திருக்க வேண்டாம், இறங்கி வந்ததும் பேசுவாள் என்பது அதன் அர்த்தம். எதிலிருந்து இறங்கி, யாரோடு, எதற்கு என்பதெல்லாம் இல்லை. உடனே கூப்பிட்டேன். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். மறுபடியும் கூப்பிட்டேன். அதே பெண் அதே குரலில் அதையே சொன்னாள். ஞாயிறு மதியம் வரைக்கும் நானும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குக் களைப்பே இல்லை.

ஞாயிறு மதியம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மகளே கூப்பிட்டாள். தோழிகளோடு ஏதோ மலை ஏறப் போனாளாம். மேலே சிக்னல் இல்லையாம், பிறகு சார்ஜ் இல்லையாம். "மெசேஜ்தான் போட்டேன்லம்மா? அதுல என்ன உனக்குப் புரியல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்த பிறகுதான் ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடுவதைப் பார்த்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னமும் போன் அடித்தால் யார் என்று பார்க்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஒன்றரை நாளும் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டே இருந்ததில் அது சூடேறி, என் தலை எண்ணெய் அதில் அப்பி, ஒரு வாசனை வந்தது. வெந்த பிளாஸ்டிக்கும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. எழுபதுகளின் நடுவில், என் பத்தொன்பதாவது வயதில், தினமும் காலை எட்டு மணிக்கு அதைத்தான் தலையில் மாட்டிக்கொள்வேன்.

டெலிபோன் ஆப்பரேட்டர் என்றால் இப்போது யாருக்கும் தெரியாது. அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து யார் எந்த வெளியூருக்குப் பேசுவதென்றாலும் எங்கள் கை பட்டுத்தான் போக வேண்டும். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகத் துளைகள், கீழே வயர்கள். யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்கள் எண்ணுக்கு மேலே சின்னத் தகடு ஒன்று டக்கென்று விழும். வயரை எடுத்து அந்தத் துளையில் செருகி, என்ன வேண்டுமென்று கேட்டு, இன்னொரு வயரை இன்னொரு துளையில் செருகினால் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். காதில் மாட்டுகிற ஹெட்செட் ஆளுக்கொன்று கிடையாது. எனக்கு முந்தின டூட்டியில் இருந்தவள் கழற்றிக் கொடுப்பதை அப்படியே மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் எனக்கு முன்னால் டூட்டி பார்த்தவள் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாளா, வெறும் தலைக்குக் குளித்தாளா என்பது எனக்கு மாலை வரை காதிலேயே இருக்கும்.

பலகைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். பக்கத்து நாற்காலி நாகரத்தினத்துடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவள், வேலையில் நான்கு வருடம் மூத்தவள். ஊருக்குள்ளேயே நெசவுக்காரர்கள் தெருவில் வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பலகையில் ஆங்கிலம். கோபம் வந்தால் மட்டும் பலகையிலும் தெலுங்கு. தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. வேறு வேலைக்குப் போயிருந்தால் அது குறை. எங்கள் வேலைக்கு அது வரம். மதுரை லைன் இரைச்சலாக இருக்கிற நாளில் மற்றவர்கள் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருப்போம். அவள் சாதாரணமாகப் பேசினாலே மதுரைக்குக் கேட்கும். லைன் இல்லாமலே கேட்டிருக்கும் என்று நான் சொல்வதுண்டு.

ஆப்பரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள மாட்டோம். ஊர் பெயர்தான். "என்ன மதுரை, சாப்பிட்டாச்சா?" "இல்ல அருப்புக்கோட்டை, இன்னும் ரிலீஃபுக்கு ஆள் வரல." மதுரைக்குத் தலைவலி, விருதுநகருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றெல்லாம் பேசிக்கொள்வோம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை ஒரு டவுனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு நடை கொஞ்சம் மாறிவிட்டது என்று எங்கள் அம்மாவே சொன்னாள்.

ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. ஆறு மாதம் தற்காலிகம். ஆறாவது மாத முடிவில் மதுரையிலிருந்து சூப்பர்வைசர் ஒருவர் வருவார். பக்கத்து அறையில் உட்கார்ந்து, நாங்கள் பேசுவதையெல்லாம் நாள் முழுக்க ஒட்டுக்கேட்பார். அதற்கு அப்சர்வேஷன் என்று கௌரவமான பெயர். அதில் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பிப் போய்ப் பருத்தி எடுக்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் வேலைக்கென்று பஸ் ஏறிய முதல் பெண் நான். "போன வேகத்துல வந்துருவா, பாத்துக்கிட்டே இருங்க" என்று என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஊர்க்கிணற்றடியில் சொல்லிவைத்திருந்தாள். அவள் வாய்க்குப் பயந்தே நான் தேற வேண்டியிருந்தது.

எதில் தேற வேண்டும்? ஆங்கிலத்தில். வேலைக்குச் சேர்ந்த அன்று டைப் அடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். எந்த நேரத்தில் எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று முப்பது வாக்கியங்கள் அதில் இருந்தன. அந்த வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் மோசமில்லை. மரத்தைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பத்து வரி எழுதுவேன். அட்டையில் மரமும் இல்லை, மாடும் இல்லை. ஹோல்ட் ஆன், ஹேங் அப், ரிங் ஆஃப், புட் த்ரூ, கட் ஆஃப், ஸ்பீக் அப், கால் பேக். எல்லாம் இரண்டு இரண்டு சொல். முதல் சொல் எனக்குத் தெரியும். இரண்டாவது சொல்லும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே தெரியாதவை ஆகிவிடும். புட் என்றால் வை, த்ரூ என்றால் ஊடாக. ஊடாக வைப்பது என்றால் எதை, எதற்குள்?

நாகரத்தினத்திடம் கேட்டேன். "ஏ புள்ள, இதெல்லாம் ஆராயக் கூடாது. கொழுந்தன வாங்கன்னு சொல்ற மாதிரி, வாயில வரணும், அம்புட்டுத்தான்" என்றாள்.

போதாதென்று அந்த இரட்டைச் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ இன்னொரு துண்டு வாக்கியம் வந்து ஒட்டிக்கொள்ளும். லைன் கிடைக்கும் வரை வைத்துவிடாதீர்கள். நான் இணைக்கும் வரை பிடித்துக்கொண்டிருங்கள். கேட்காவிட்டால் சத்தமாகப் பேசுங்கள். அன்டில், வைல், இஃப், வென். ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு கோத்து ரயில் விடுகிற மாதிரி. எந்தப் பெட்டியில் ஏறினால் எங்கே இறங்குவோம் என்று தெரியாமல் முதல் வாரம் முழுக்க நான் தப்பான பெட்டியிலேயே இருந்தேன். "ஹோல்ட் ஆன் அன்டில் ஐ கட் யூ ஆஃப்" என்று ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நான் துண்டிக்கும் வரை பிடித்துக்கொண்டிருங்கள். அவர் நல்ல மனிதர், பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எனக்கு ஆங்கிலம் வந்தது பஸ்ஸில். ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். இரண்டு பக்கமும் மழைக்கு மானம் பார்த்த பூமி. பார்ப்பதற்குக் கருவேலமும் ஆட்டு மந்தையும் தவிர ஒன்றும் இல்லாததால் நான் பஸ்ஸுக்குள்ளேயே பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், அட்டையில் இருக்கிற அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார், கண்டக்டர் விசில் ஊதும் வரை விடாமல் பிடித்துக்கொள்கிறார். அதுதான் ஹோல்ட் ஆன், பின்னால் ஒரு அன்டில். டிக்கெட் போட உள்ளே நகரச் சொன்னால் நகராதவர்கள், வண்டி குலுங்கும்போது தானாக நகர்கிறார்கள். அட்டையில் இல்லாவிட்டாலும் அது மூவ் அப், கூட ஒரு வென்.

அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் என் சொந்த வாக்கியங்களை எழுத ஆரம்பித்தேன். ஒன்று இன்றும் மனப்பாடம். "இஃப் த கோட் டஸ் நாட் கெட் ஆஃப், த பஸ் வில் நாட் செட் ஆஃப்." ஆடு இறங்காவிட்டால் பஸ் கிளம்பாது. இது கற்பனை இல்லை. சந்தைக்குப் போகிற ஒருவர் கிடாவை இருக்கைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார். கண்டக்டர் மாரிச்சாமி, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏலே, அது எறங்குற வரைக்கும் வண்டி நகராது" என்றார். ஆட்டுக்காரர் அசையவில்லை. "ஆட்டுக்கும் டிக்கெட்டு போடுங்க மச்சான், அதுவும் டவுனு பாக்கணும்ல" என்றார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "உட்காந்திருக்கிறதுலேயே அதுதான் சத்தம் போடாம வருது, அத ஏன் எறக்குறீக?" என்றார். ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் அழுகை வந்தது, டூட்டிக்கு நேரமாகிறதே என்று. அழுதுகொண்டேதான் அந்த வாக்கியத்தை எழுதினேன். வாரக் கடைசியில் பார்த்தால் அட்டை மாதிரியே முப்பது வாக்கியம், அத்தனையும் எங்கள் பஸ். மாரிச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ டெலிபோனு, என்னயப் பத்தி என்னமோ வெள்ளக்காரன் பாசையில எழுதுற. ரிப்போட்டா?" என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைக்க ஆரம்பித்தது.

இப்படிப் பழகின பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. நம்மிடமும் இந்த வால் இருக்கிறது. சொல்லு என்பது வேறு, சொல்லிவை என்பது வேறு, சொல்லிப்போடு, சொல்லித்தொலை எல்லாம் வேறு வேறு. வெள்ளைக்காரன் வந்து கேட்டால் அவனும் தலையைப் பிய்த்துக்கொள்வான். சொல்வதும் தெரியும், தொலைவதும் தெரியும், சொல்லித் தொலைவது என்றால் எங்கே தொலைவது? இது தெரிந்ததும் அவன் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

ஆங்கிலம் வந்துவிட்டது. வராமல் இருந்தது வேறொன்று, அதற்குக் குறுக்கே நின்றது என் ஊர் எனக்குக் கற்றுத் தந்த பழக்கம்.

வெளியூருக்கு எங்களிடம் இரண்டே லைன். ஒரு கால் மூன்று நிமிடம். பின்னால் ஆட்கள் காத்திருந்தால் மூன்று நிமிடம் முடிந்ததும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுத் துண்டிக்க வேண்டும். இதுதான் விதி. இங்கேதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் ஒரேயடியாகப் போவதாக அர்த்தம். வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு எதிராளி, சரி போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வரை வாசலை விட்டு நகரக் கூடாது. போன் வந்ததும் இந்த மரியாதை அப்படியே அதற்குள்ளும் குடியேறிவிட்டது. பெரியவர் வைப்பதற்கு முன் சின்னவர் வைக்க மாட்டார். சின்னவர் மனசு நோகுமே என்று பெரியவரும் வைக்க மாட்டார். நீங்க வைங்க, நீ வையி, இல்லல்ல நீங்க வைங்க. இதிலேயே ஒரு நிமிடம் போகும். அதன்பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் சேருவதற்கு முன்னால் ஒரு ஆப்பரேட்டர், விதிப்படி மூன்றாவது நிமிடம் வயரை உருவிவிட்டாளாம். பேசிக்கொண்டிருந்த பெரியவர், வாரேன் என்ற சொல் வராமலே பேச்சு நின்றுபோனதால் என்னவோ ஏதோ என்று பயந்து, அன்றைக்கே பஸ் ஏறிக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்கே போய்விட்டாராம். அதற்கப்புறம் நாகரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தாள். "அவுகளா வைக்க மாட்டாக புள்ள. நாம நடுவுல போயி, நேரமாயிருச்சு, நான் வாரேன்னு சொல்லணும். அவுக போயிட்டு வாம்மாம்பாக. உருவிரலாம். யாருக்கும் கொறையில்ல" என்றாள். நடுவில் இருப்பவள் விடைபெற்றுக்கொள்வதால் பேசிய இருவரில் ஒருவரும் முதலில் வைத்ததாக ஆகாது. எந்த அட்டையிலும் இல்லாத இந்த வழியை நான் ஆறு மாதத்தில் நன்றாகப் பழகிக்கொண்டேன்.

அப்சர்வேஷன் நாள் வந்தது. மதுரையிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி, கையில் குடை. எங்கள் ஊரில் வெயிலுக்குக்கூட யாரும் குடை பிடிப்பதில்லை என்பதால் நாகரத்தினத்துக்குச் சிரிப்பு. அவர் பக்கத்து அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தார். மதியம் இரண்டு மணி வரை நான் தப்பே செய்யவில்லை. ஹோல்ட் ஆன் வைல் ஐ புட் யூ த்ரூ என்று வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. அத்தை முகம் கிணற்றடியில் சிறுத்துப்போவது எனக்கே தெரிந்தது.

இரண்டே காலுக்குப் பம்பாயிலிருந்து ஒரு கால் வந்தது. பந்தல்குடிக்குப் பக்கத்திலிருந்து குருவம்மா என்ற அம்மா காலையிலேயே வந்து காத்திருந்தார். மகன் முத்துராசு பம்பாயில் லாரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகப் பேசுகிறான். எங்கள் பலகைக்கு எதிரே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பொதுமக்கள் பேசுவதற்கு ஒரு மரக்கூண்டு. கண்ணாடிக் கதவு, அதனால் உள்ளே இருப்பவர் எங்களுக்குத் தெரிவார். அந்த அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். சாப்பிட்டியா, மேலுக்கு நல்லாருக்கா, அங்கன மழை பெஞ்சதா. மூன்று நிமிடம் முடிந்தது.

"சரிய்யா, அப்ப வச்சிரு."

"நீ வையி ஆத்தா."

"நீ மொதல்ல வையிய்யா. நீ வச்ச பெறகு நான் வைக்கேன்."

"நான் எப்புடி ஆத்தா மொதல்ல வைக்கிறது?"

பிறகு மூச்சுச் சத்தம். பின்னால் மூன்று கால்கள் காத்திருந்தன. நான் அட்டையில் உள்ளபடி, "யுவர் டைம் இஸ் அப், ப்ளீஸ் ரிங் ஆஃப்" என்றேன், நேரமாகிவிட்டது, வைத்துவிடுங்கள் என்று.

"ஏய்யா, நடுவுல எவளோ ஒரு வெள்ளக்காரி பேசுறா. நீ வச்சிராத" என்றார் குருவம்மா.

இன்னொரு தடவை சொன்னேன். "இப்பவும் பேசுறாய்யா. என்ன வேணுமாம் அவளுக்கு?" என்றார். நான் வயரில் கை வைத்தேன். உருவ வேண்டியதுதான். பக்கத்து அறையில் சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாகரத்தினம் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் சொல்கிறாளா உருவு உருவு என்று சொல்கிறாளா என்று தெரியவில்லை. கை உருவவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆத்தா, நேரமாயிருச்சு. நான் வாரேன்."

"அடி ஆத்தீ, நம்ம ஊருப் புள்ளயா நீயி? போயிட்டு வா தாயி. எந்த ஊரு?"

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் எப்படிப் போவது? "திருச்சுழிக்கு அங்கிட்டு ஆத்தா."

"யாரு வீட்டுப் புள்ள? ஏய்யா முத்துராசு, நம்ம திருச்சுழிப் புள்ளதான்யா. நீ சாப்பிட்டியா தாயி?"

இப்போது நான் நடுவில் இல்லை. நானும் விடைபெற முடியாமல் நிற்கிற ஒருத்தி. ஐந்தாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் லைனில் ஒரு ஆண்குரல் கனைத்தது. "ஆப்பரேட்டர், வொய் ஹேவ் யூ நாட் கட் ஆஃப்?"

நான் வாயைத் திறப்பதற்குள் குருவம்மா கேட்டார். "இது யாரு தாயி?"

"எங்க சூப்பர்வைசர் ஆத்தா."

"ஐயாவும் கேட்டுக்கிட்டா இருக்காக? நல்லா இருக்கீகளாய்யா? பிள்ளைக நல்லா இருக்கா?"

அட்டையில் இதற்கு வாக்கியம் கிடையாது. பிறகு அந்தக் குரல், கொஞ்சம் இறங்கி, "நல்லா இருக்கோம்மா" என்றது. இன்னும் கொஞ்சம் இறங்கி, "நேரமாச்சும்மா, வச்சிருங்க" என்றது.

"அதெப்புடிய்யா? நீங்க பெரியவுக. நீங்க வைக்காம நான் வைக்கலாமா?"

"இல்லம்மா, நீங்க வைங்க."

"ஐயா, நீங்க வைங்கய்யா" என்று பம்பாயிலிருந்து முத்துராசுவும் சேர்ந்துகொண்டான்.

நான்கு பேர் லைனில் நிற்கிறோம். ஒருவரும் வைக்கவில்லை. இதற்குள் மதுரை ஆப்பரேட்டர், எவ்வளவு நேரம் என்று பார்க்க உள்ளே நுழைந்தாள். "என்ன அருப்புக்கோட்டை, கல்யாண வீடா?" என்றாள். பக்கத்து நாற்காலியில் நாகரத்தினம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் எங்கேயோ, மதுரைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, ஏதோ ஒரு கம்பத்தில், லைன் தானாகச் செத்துப்போனது. ஒருவருக்கும் குறையில்லை. குருவம்மா கூண்டைவிட்டு வெளியே வந்து, ஜன்னல் வழியாக எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மாலையில் சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைக் காட்டினார். ஆங்கிலம் நன்று, உச்சரிப்பு நன்று. கீழே ஒரு வரி, "டஸ் நாட் கட் ஆஃப் வென் டைம் இஸ் அப்." இந்த ஆப்பரேட்டர் நேரம் முடிந்தும் துண்டிப்பதில்லை. இரட்டைச் சொல் ஒன்று, பின்னால் ஒரு வென். அட்டையில் சேர்க்கலாம் போல் இருந்தது. நிரந்தரம் இல்லை, இன்னும் மூன்று மாதம் தள்ளிவைப்பு. அதற்குள் சரியாகாவிட்டால் வீட்டுக்கு. என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா செய்ய, நானுந்தான் வைக்கல. ஆனா இந்த ஃபாரத்துல என்னைப் பத்தி எழுத எடமில்லயே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, ஆபீஸில் இருந்த எங்கள் நான்கு பேரிடமும் தனித்தனியாக வாரேன் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்று மாதமும் துண்டிக்கப் பழகினேன். மதியம் கால் இல்லாத நேரத்தில் நாகரத்தினம் எனக்குப் பெரியப்பாவாகவும் மாமியாராகவும் பேசுவாள். அவள் பேசிக்கொண்டே இருக்கும்போது நான் உருவ வேண்டும். "நான் ஒன் மாமியா பேசுறேன், என்னைய அத்து விட்டுருவியா நீ? அத்து விடுடி பாப்போம்!" முதல் மாதம் சிரித்தேன், இரண்டாவது மாதம் உருவினேன். உருவுவதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கடைசி அரை நிமிடம் பேச்சைக் கேட்கவே கூடாது. சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். பேசுகிறவர் யாரோ, எதைப் பேசுகிறாரோ, முள் பன்னிரண்டைத் தொட்டால் கை தானாகப் போகும். அப்பா ஒருநாள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, "நடக்குமாத்தா?" என்று கேட்டார். "நடக்கும்ப்பா" என்றேன்.

இரண்டாவது அப்சர்வேஷனுக்கு அதே சூப்பர்வைசர் வந்தார். அன்று மதியம் கூண்டில் ஒரு மனிதர் நின்றார். முப்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தூத்துக்குடியில் யாரோ ஒரு வீட்டுக்குப் பேசினார், எதிரில் ஒரு பெண் குரல். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது, ரிங் ஆஃப் என்றேன். அவர் அவசரமாக, "ஒண்ணே ஒண்ணு. நீ வரும்போது..." என்றார். முள் பன்னிரண்டைத் தொட்டது. உருவிவிட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து, "குட்" என்று குரல் வந்தது. அவ்வளவுதான், நான் நிரந்தரமானேன். நாகரத்தினம் தொடையில் கிள்ளினாள்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். லைன் போனது அவருக்குத் தெரியவில்லை. உதடுகள் அசைந்தன, ஒரு கையை விரித்துக் காட்டினார், லேசாகச் சிரித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, ரிசீவரை மெதுவாக அதன் இடத்தில் வைத்துவிட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு திருப்தியாகத் தெருவில் இறங்கிப் போனார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எழுந்து ஜன்னலுக்குப் போக நான்கு எட்டுதான். பக்கத்து அறையில் ரிப்போர்ட்டில் கையெழுத்து ஆகிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அன்று பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். இதே ஆள் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். அவன் பெரும்பாலும் முக்கியமானதை முதலில் போட்டுவிட்டு வென், இஃப் எல்லாவற்றையும் பின்னால் கோப்பான். குடையை எடுத்து வா, பிள்ளையைக் கூட்டி வா, கோபத்தை விட்டுவிட்டு வா என்று எதுவோ ஒன்று முதலில் போய்ச் சேர்ந்திருக்கும், அறுந்தது வால் மட்டும்தான் இருந்திருக்கும். நாம் அப்படியில்லை. மழை பெய்தால், நீ வரும்போது, அவர் சொன்னதும் என்று முதலில் பந்தலைக் கட்டிவிட்டுத்தான் அடியில் ஆளை உட்கார வைப்போம். நான் பந்தலை மட்டும் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு ஆளை இங்கேயே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண் எப்போது வந்தாள், வெறுங்கையோடு வந்தாளா, வந்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. அவர் அவளை ஏன் சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபித்திருக்கலாம். அவள், நீங்கள் எங்கே சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் நிஜமாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் கால்களை உருவியிருக்கிறேன். ஒன்றுகூட நினைவில்லை. சில வருடங்களில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. எண்ணைச் சுற்றினால் நேராகப் போய்விடும். பலகையைக் கழற்றி, வயர்களைக் கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாகரத்தினம் மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போனாள். ஊர்ப் பெயரால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டதும் அதோடு நின்றது. நான் மறுபடி சொந்தப் பெயருக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்த மனிதர் தன் வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிடலாம். மூன்று நிமிடக் கணக்கு இல்லை, உருவுவதற்கு வயர் இல்லை, நடுவில் நானும் இல்லை. நல்லதுதான். ஆனால் இன்றைக்கும் லைன்கள் தானாக அறுகின்றன. அறுந்தது தெரியாமல் எங்கேயோ ஒருவர் கையை விரித்துக்காட்டிப் பேசி முடித்துவிட்டுத் திருப்தியாக இறங்கிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். எதிர்ப்பக்கம் அது போய்ச் சேரவில்லை என்று தெரிந்த ஒருத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அவள்தான் இப்போது எந்த ஊரிலும் இல்லை.